தடுப்பூசி, கைகழுவல், காப்பீடு: கைக்குழந்தைக்கு எதை முதலில் பார்ப்பது?

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மூன்று விதமான யோசனைகள் வந்து சேரும். தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுவிடுங்கள் என்பார் ஒருவர். வீடும் கையும் சுத்தமாக இருந்தாலே போதும் என்பார் இன்னொருவர். நல்ல மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டால் கவலையே இல்லை என்பார் மூன்றாமவர். பணத்துக்கும் நேரத்துக்கும் அளவு இருப்பதால் மூன்றுக்கும் போட்டி வந்துவிடுகிறது. ஆனால் முதல் இரண்டும் நோயைத் தடுப்பவை. காப்பீடு, நோய் வந்த பிறகு பில்லில் ஒரு பங்கைக் கட்டுவது. காப்பீட்டுக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது தவறான கணக்கு என்று உறுதியாகச் சொல்வேன்.

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். நோயுள்ளவர் அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி காற்றில் இருக்கும். எதிர்ப்பு இல்லாதவர்களிடையே ஒருவரிடமிருந்து சராசரியாக 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். எத்தனை முறை கை கழுவினாலும் இதைத் தடுக்க முடியாது. இரண்டு தவணைத் தடுப்பூசியோ சுமார் 97 சதவீதப் பாதுகாப்பு தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையில் 2024-இல் வெளியான கணிப்பின்படி, 50 ஆண்டுகளில் தடுப்பூசிகள் காப்பாற்றிய உயிர்கள் 15 கோடிக்கும் மேல். அதில் சுமார் 60 சதவீதம் தட்டம்மைத் தடுப்பூசியால் மட்டும்.

“வந்துவிட்டுப் போகட்டும், உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ளும்” என்பதையும் நாலாவது யோசனையாகப் பலர் சொல்கிறார்கள். தட்டம்மையில் நடப்பது நேர் எதிர். வேறு நோய்களுக்கு எதிராக உடல் முன்பே சேர்த்துவைத்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அது அழித்துவிடுவதாக 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தை தேறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அடுத்த காய்ச்சலுக்குக் கதவு திறந்து கிடக்கிறது. இந்த யோசனையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றம்தான் வருகிறது.

ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கில் சுத்தம் கொஞ்சம் கைகொடுக்கும், முழுதாக அல்ல. தடுப்பு மருந்து வருவதற்கு முன், வசதியான நாடு, ஏழை நாடு என்ற வேறுபாடு இல்லாமல் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஐந்து வயதுக்குள் இந்தத் தொற்று வந்தது. சொட்டு மருந்தாகத் தரப்படும் இந்தத் தடுப்பு மருந்துக்கு வயது வரம்பு உண்டு. பல நாடுகளின் அட்டவணையில் முதல் தவணை 15 வாரங்களுக்குள் தொடங்கியாக வேண்டும். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று விட்டால் வாய்ப்பே போய்விடக்கூடும். செலவு செய்துதான் போட வேண்டும் என்ற நிலையில் எதை முந்தவிடுவது என்று கேட்டால், முதல் ஆண்டில் ரோட்டாவையும் நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் ஊசியையும் சொல்வேன். ஃப்ளூ ஊசி அதற்கு அடுத்து. அதை ஆறு மாதத்துக்குப் பிறகுதான் போட முடியும், ஆண்டுதோறும் போடவும் வேண்டும்.

கைகழுவல் முந்துகிற இடம் சளி. அதை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். எல்லாவற்றுக்கும் ஊசி கிடையாது. ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சின்னக் குழந்தைக்கு இயல்புதான். காப்பகத்துக்குப் போகும் குழந்தைக்கு இன்னும் கூடும். சோப்புப் போட்டுக் கை கழுவுவது வயிற்றுப்போக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸுக்கு சானிடைசரைவிட சோப்பும் தண்ணீரும்தான் மேல். கை, கால், வாய் நோய் ஆறிய பிறகும் பல வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறும் என்பதால், டயப்பர் மாற்றியதும் கை கழுவுவதை விட்டுவிடக் கூடாது.

இனி பணம். குழந்தைகளின் செலவில் அடிக்கடி வருவது டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை, பெற்றோர் விடுப்பு எடுப்பதால் போகும் வருமானம். பல பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும். போதாததற்கு, பாலிசி எடுத்த தொடக்கத்தில் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் வேறு. விடுப்பு எடுத்த நாளுக்கு மருத்துவக் காப்பீடு எதுவும் தராது. ஆகவே சின்னச் செலவுகளுக்குத் தனியாக ஒரு சேமிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகும் பெருஞ்செலவுக்குக் காப்பீடு என்று பிரித்துக்கொள்வதே நல்லது. வெளிநோயாளிச் செலவுக்கான கூடுதல் பிரீமியம், அது தரும் உச்சவரம்பை நெருங்கினால் அந்தப் பணத்தைச் சேமிப்பிலேயே போடுங்கள்.

இன்னொரு பக்கம், வீண் செலவும் உண்டு. சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு டிரிப் தேவையில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலும், 10 முதல் 14 நாள் துத்தநாக மருந்தும், நிறுத்தாத தாய்ப்பாலும் போதும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத நேரமும் இருக்கிறது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் அன்றே, உடனே டாக்டரிடம் போக வேண்டும். இருமல் உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சிழுக்கையில் நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, பாலிசியைத் தேடிக்கொண்டிருக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.