எஃப்.இ.சி வெப்சைட் ரிவ்யூ: காசு கணக்கு பக்கா, ஆனா ஆழம் பாக்குற காலம் மட்டும் காலி

அமெரிக்கால தேர்தல் காசு கணக்கு பாக்கணும்னா போக வேண்டிய எடம் ஒண்ணுதான், ஃபெடரல் எலெக்‌ஷன் கமிஷனோட வெப்சைட், எஃப்.இ.சி டாட் கவ். லாகின் வேண்டாம், சந்தா கெடையாது, விளம்பரம் கெடையாது. 2028 அதிபர் ரேஸுக்கு யார் யார் வருவாங்கன்னு டிவில ஆரூடம் ஆரம்பிச்சாச்சு, இனிமே ஒவ்வொருத்தரா "இன்னும் முடிவு பண்ணல, குடும்பத்தோட பேசிட்டு இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே, வழக்கமா அதிபர் வேட்பாளர் தேர்வு முதல்ல நடக்கற அயோவாக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் ஃப்ளைட் ஏறுவாங்க. அந்த டிக்கெட்டுக்கு யாரு காசு குடுத்தாங்கன்னு இந்த சைட்ல பாக்க முடியுமா முடியாதாங்கறதுதான் எனக்கு கேள்வி, அத வச்சுதான் இந்த ரிவ்யூ.

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடறேன். டேட்டா தேட 5க்கு 4.5. ரூல்ஸ் விளக்கத்துக்கு 4. ஆழம் பாக்குற கட்டத்துல, அதாவது நிக்கலாமா வேண்டாமான்னு சோதிச்சுப் பாக்கற கட்டத்துல இருக்கற ஆளுங்க கணக்க பாக்கணும்னு வந்தா 1, அதுவும் சைட் பண்ணவங்க மேல தப்பில்ல, சட்டமே அப்படித்தான்.

நல்லத முதல்ல சொல்றேன். 2017ல புதுசா டிசைன் பண்ணி விட்டதுக்கு அப்புறம் இது நெஜமாவே அரசாங்க சைட்தானான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு சுத்தமா இருக்கு. ஒரு வேட்பாளர் பேர போட்டா எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ செலவு, கையில எவ்ளோ மிச்சம், கடன் எவ்ளோ, எல்லாம் ஒரே பக்கத்துல வந்துடும். ஒரு தேர்தல் சுழற்சில ஒருத்தர் குடுத்தது மொத்தம் 200 டாலரத் தாண்டிட்டா அவரு பேரு, ஊரு, வேலை, கம்பெனி, குடுத்த தேதி எல்லாம் வரும். பெரிய அளவுல நோண்டணும்னா மொத்தமா டவுன்லோட் பண்ணிக்கலாம், ஏபிஐ கீயும் இலவசம், நம்ம ஐடி மக்கள் வீக்கெண்ட் ப்ராஜெக்ட்டுக்கு அலையறீங்கன்னா இது ஒரு தங்கச் சுரங்கம். ஆனா ஒண்ணு, அந்த லிஸ்ட்ட எடுத்து நன்கொடை கேக்கறதோ வியாபாரத்துக்கு யூஸ் பண்றதோ சட்டப்படி தப்பு, ரியல் எஸ்டேட், இன்ஷூரன்ஸ் பண்றவங்க கவனிச்சுக்கோங்க.

நம்ம பேருங்கள தேடும்போது ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கங்க. பேர டைப் பண்ணி அனுப்பறது எஃப்.இ.சி இல்ல, அந்தந்த பிரச்சார கமிட்டி. அதனால ஒரே சுப்ரமணியன் ஒரு ரிப்போர்ட்ல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல அப்பா பேரு கடைசில, மூணாவதுல நடுவுல ஒரு எழுத்து காணாமப் போயி, ஒரே மனுஷன் மூணு ஆளா நிப்பாரு. ஊரு, கம்பெனி பேரு ரெண்டையும் ஃபில்டர்ல சேத்துப் போட்டாத்தான் ஒழுங்கா மாட்டும். ஆக்ட்ப்ளூ, வின்ரெட்ங்கற ஆன்லைன் நன்கொடை சைட்டுங்க வழியா குடுத்த காசு அவங்க கணக்குலயும் வரும் வாங்கினவங்க கணக்குலயும் வரும், அவசரத்துல கூட்டிட்டு "டபுளா குடுத்திருக்கான்"னு யாரும் போஸ்ட் போட்டுடாதீங்க.

வேகத்துக்கு ஒரு சாம்பிள் சொல்றேன். 2024 ஜூலை 21, ஞாயித்துக்கிழமை, பைடன் போட்டியில இருந்து விலகறார். அன்னிக்கே அவரோட கமிட்டி, பதிவு ஃபார்மான ஃபார்ம் 1ஐ திருத்தி அனுப்பி, 'பைடன் ஃபார் ப்ரெசிடென்ட்'ங்கற பேரு 'ஹாரிஸ் ஃபார் ப்ரெசிடென்ட்' ஆயிடுச்சு, கமிட்டி அதே கமிட்டிதான். கமலா ஹாரிஸோட தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துல கோயில்ல பூஜை போட்டவங்களுக்கு நியூஸ்ல தெரிஞ்சத விட முக்கியமான சங்கதி அந்த ஃபார்ம்ல இருந்துச்சு, ஏன்னா அந்த கணக்குல ஜூன் கடைசில 90 மில்லியன் டாலருக்கு மேல இருந்துச்சு, கமலா ஹாரிஸ் பேரு அந்த கமிட்டில ஏற்கெனவே துணை அதிபர் வேட்பாளரா இருந்ததாலதான் அந்த காச அவங்க எடுத்துக்க முடியும்ங்கற வாதமே நின்னுச்சு, ட்ரம்ப் தரப்பு ரெண்டே நாள்ல அத எதுத்து புகார் குடுத்தாங்க. இதெல்லாம் வீட்ல உக்காந்து ஃபார்ம திறந்து படிக்க முடியுது பாருங்க, அங்க முழு மார்க்.

இதே ஊர்ல செனட் வேட்பாளர்ங்க 2018 வரைக்கும் கணக்க பேப்பர்லதான் குடுத்துட்டு இருந்தாங்கங்கறதும் உண்மை. அத ஸ்கேன் பண்ணி, திரும்ப டைப் அடிச்சு ஏத்தறதுக்கு வரிப்பணம் செலவு. என்னத்த சொல்ல.

சரி, இப்ப மெயின் மேட்டர். சைட்ல வேட்பாளர்களுக்கான உதவிப் பக்கத்துக்குப் போனா 'டெஸ்டிங் தி வாட்டர்ஸ்'னு ஒரு பகுதி இருக்கு, ஆழம் பாக்கறவங்களுக்கான ரூல்ஸ். வக்கீல் பாஷை இல்லாம நல்லாவே எழுதியிருக்காங்க. விஷயம் என்னன்னா, அதிபர், செனட், ஹவுஸ் இந்த மூணுல எதுக்காவது நிக்கறவர் 5,000 டாலருக்கு மேல வசூல் பண்ணினாலோ செலவு பண்ணினாலோ சட்டப்படி வேட்பாளர். 15 நாளைக்குள்ள 'நான் வேட்பாளர்'னு அறிவிக்கற ஃபார்ம் 2, அதுக்கப்புறம் 10 நாளைக்குள்ள கமிட்டி ஃபார்ம் 1, அதுல இருந்து கணக்கு காட்டணும். ஆனா "நின்னா ஜெயிப்பேனா"ன்னு பாக்கறதுக்காக கருத்துக்கணிப்பு எடுக்கறது, ஊர் ஊரா போறது, போன் போடறது இதுக்கெல்லாம் விலக்கு. நெறைய பேரு இங்கதான் குழம்பறாங்க, 5,000 தாண்டின ஒடனே வேட்பாளர்னு நினைச்சுக்கறாங்க, இல்ல, ஆழம் பாக்கற வரைக்கும் லட்சக்கணக்குல செலவு பண்ணினாலும் பதிவு பண்ண வேண்டாம், ரிப்போர்ட் வேண்டாம். நிக்கறதுன்னு முடிவு பண்ணின நிமிஷத்துல இருந்துதான் அந்த பழைய காசெல்லாம் 5,000 கணக்குல சேரும்.

முடிவு பண்ணிட்டாரான்னு யாரு சொல்றது? அவருதான். அதுக்குத்தான் ரூல்ல சில அடையாளம் வச்சிருக்காங்க. நான் வேட்பாளர்னு தானே சொல்றது, போட்டியிடப் போறத விளம்பரம் போட்டு பரப்பறது, ஆழம் பாக்க தேவைப்படறத விட ரொம்ப அதிகமா காசு சேக்கறது, பேலட்ல பேரு வர்றதுக்கு வேலை ஆரம்பிக்கறது, தேர்தல் கிட்ட வந்தப்புறமும் இல்ல ரொம்ப நாளா இழுத்துக்கிட்டும் "பாத்துட்டு இருக்கேன்"னு சொல்றது. படிக்க நல்லாத்தான் இருக்கு. நடைமுறைல கல்யாணத்துக்கு மண்டபம் புக் பண்ணி பத்திரிகையும் அடிச்சுட்டு "பொண்ணு பாக்கதான் வந்தோம்"னு சொல்ற கதைதான்.

பெஸ்ட் உதாரணம் ஃப்ளோரிடா முன்னாள் கவர்னர் ஜெப் புஷ். சைட்லயே போயி பாருங்க, எல்லாம் பழைய ஃபைலா கெடக்கு. 2014 டிசம்பர்ல போட்டியிடறத பத்தி தீவிரமா யோசிக்கறேன்னு ஃபேஸ்புக்ல போட்டார். 2015 ஜனவரில 'ரைட் டு ரைஸ்'ங்கற பேர்ல ஒரு சூப்பர் பேக் ஆரம்பிச்சாச்சு, அதாவது வேட்பாளர் கமிட்டிய விட்டு தனியா காசு சேத்து செலவு பண்ற குழு. அதுக்கப்புறம் அஞ்சு மாசம் ஊர் ஊரா ஃபண்ட் ரைசிங். நேரடி கமிட்டிக்குன்னா அப்ப ஒருத்தர் ஒரு தேர்தலுக்கு 2,700 டாலர்தான் குடுக்க முடியும், 2025-26க்கு அது 3,500. சூப்பர் பேக்குக்கு 2010 கோர்ட் தீர்ப்புகளுக்கு அப்புறம் எல்லையே கெடையாது. வேட்பாளர்னு ஆயிட்டா சூப்பர் பேக்கோட சேந்து விளம்பரத்துக்கு திட்டம் போடக்கூடாது, அதுக்காக கேக்கறதா இருந்தாலும் ஒருத்தர்கிட்ட 5,000 வரைக்கும்தான் கேக்கலாம். அப்ப வேட்பாளர் ஆகாம இருக்கறதுதானே லாபம்? மே மாசம் நெவாடால பேசும்போது வாய் தவறி 2016ல அதிபருக்கு நிக்கறேன்னே சொல்லிட்டு ஒடனே "நின்னா"ன்னு திருத்திக்கிட்டார். ஜூன் 15தான் அதிகாரபூர்வ அறிவிப்பு. அந்த ஆறு மாச ரிப்போர்ட் வந்தப்ப சூப்பர் பேக்ல 103 மில்லியன் டாலர். அவரோட சொந்த கமிட்டி மிச்ச ரெண்டு வாரத்துல சேத்தது 11 மில்லியன் சொச்சம். இவ்ளோ காசும் போயி 2016 பிப்ரவரி 20 சவுத் கரோலினாவோட கடைய மூடிட்டார், அது தனி சோகம்.

இதுல எனக்கு சுவாரசியமா பட்டது அந்த முதல் ரிப்போர்ட்தான். ஆழம் பாத்த செலவு கணக்குல அவரே சொந்தக் காசு கிட்டத்தட்ட 3 லட்சத்து 88 ஆயிரம் டாலர் போட்டதா காட்டியிருக்கார். பக்கத்துலயே அந்த 103 மில்லியன வச்சுப் பாத்தா சிரிப்பு வருது. அதே வருஷம் மார்ச்லயே தேர்தல் காச கண்காணிக்கற அமைப்புங்களான கேம்பெயின் லீகல் சென்டரும் டெமாக்ரசி 21ம் புஷ், ஸ்காட் வாக்கர், ஓ'மாலி, சான்டோரம் நாலு பேரு மேலயும் புகார் குடுத்தாங்க, ரெண்டு கட்சிக்காரங்களும் அதுல இருக்காங்க பாருங்க. ஆழம் பாக்கற காசுக்கும் அப்ப அந்த 2,700 லிமிட் உண்டு, கம்பெனி காசு, யூனியன் காசு, வெளிநாட்டு காசு கூடாதுங்கறதும் உண்டு, வேற பை வழியா செலவு பண்ணி அத தாண்டிட்டாங்கங்கறதுதான் புகார்.

புகார் குடுத்தா என்ன ஆகும்? இங்கதான் இந்த சர்வீஸோட பின்பக்கம். கமிஷன்ல ஆறு பேரு, ஒரே கட்சில இருந்து மூணு பேருக்கு மேல கூடாது, எந்த நடவடிக்கைக்கும் நாலு ஓட்டு வேணும். 1975ல நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சாங்க, ஒரு கட்சி இன்னொரு கட்சிய பழி வாங்கக்கூடாதுன்னு. ஆனா மூணுக்கு மூணுன்னு நின்னு கேஸ் அப்படியே செத்ததுதான் பல தடவை நடந்துச்சு. போதாக்குறைக்கு ஆளே இல்லாம போறதும் உண்டு, 2008லயும் 2019-20லயும் கோரம் (முடிவெடுக்க தேவையான கொறஞ்சபட்ச நாலு உறுப்பினர்) இல்லாம மாசக்கணக்குல கெடந்துச்சு, 2025 மே மாசம் மறுபடி கோரம் போச்சு. ரிப்போர்ட் வாங்கறது, ஏத்தறது எல்லாம் ஸ்டாஃப் பாத்துக்குவாங்க, சைட் ஓடும், தண்டனைதான் ஓடாது. ஒண்ணும் நடக்கறதே இல்லன்னு சொல்ல மாட்டேன், அந்த ரைட் டு ரைஸுக்கே சீனாக்காரங்க சொந்தமா வச்சிருந்த ஒரு கம்பெனி 1.3 மில்லியன் குடுத்தது மாட்டிக்கிட்டு ரெண்டு தரப்புக்கும் சேத்து 9 லட்சத்து 40 ஆயிரம் டாலர் அபராதம், ஆனா அது வந்தது 2019ல. சைட்ல லீகல் பகுதில கேஸ் ஃபைல முழுசா படிக்கலாம், வக்கீல் லெட்டருங்க எல்லாம் இருக்கு, த்ரில்லர் மாதிரி போகும்.

'எக்ஸ்ப்ளோரேட்டரி கமிட்டி'ன்னு நியூஸ்ல வர்றத பாத்து ஏமாறாதீங்க. செனட்டர் எலிசபெத் வாரன் 2018 டிசம்பர் 31ல அப்படித்தான் அறிவிச்சாங்க, ஆனா எஃப்.இ.சில பதிவும் பண்ணிட்டாங்க, அதனால காசு விஷயத்துல அன்னில இருந்தே வேட்பாளருக்கான கணக்குதான், 2019 பிப்ரவரி 9 மாசசூசெட்ஸ் லாரன்ஸ்ல நடந்த அதிகாரபூர்வ அறிவிப்பு வெறும் மேடை, மைக், கூட்டம், அவ்ளோதான். பதிவு பண்ணாம ஆழம் பாக்கறவங்களதான் இந்த சைட்ல தேடினா கெடைக்க மாட்டாங்க. 2019ல ஸ்டார்பக்ஸ் முன்னாள் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் மாசக்கணக்குல யோசிச்சுட்டு செப்டம்பர்ல வேண்டாம்னு விட்டுட்டார், அந்த மாதிரி கடைசி வரைக்கும் நிக்காம போறவங்க ஆழம் பாத்த செலவ காட்டவே வேண்டாம். எனக்கு இருக்கற பெரிய குறை இதுதான். ரெக்கார்டு வச்சுக்கணும்னு சொல்ற சட்டம், அத ஒரு நாளாவது வெளிய காட்டுன்னு சொல்லல.

இதுக்கு நேர் எதிர் பக்கமும் இருக்கு, நிக்கற எண்ணமே இல்லாதவங்க ஃபார்ம் 2 அனுப்பிடறது. 2015ல அயோவால ஒரு 15 வயசுப் பையன் ஜோக் பேருல அனுப்பி கருத்துக்கணிப்புலயே அந்த பேரு வந்துடுச்சு. அடுத்த வருஷத்துல இருந்துதான் பொய்யான பேருன்னு தோணினா கமிஷன் லெட்டர் போட்டு கேக்க ஆரம்பிச்சாங்க. அதனால லிஸ்ட்ல பேரு இருக்குன்னு ஒடனே ஸ்க்ரீன்ஷாட் எடுக்காம வசூல் தொகை போடற எடத்துல ஏதாவது இருக்கான்னு பாத்துக்கங்க.

இங்க இருக்கற நம்ம ஆளுங்களுக்கு முக்கியமான பக்கம் வெளிநாட்டவர் பத்தின பக்கம். எச்1பி, எஃப்1, எல்1ல இருக்கறவங்க ஒரு டாலர் கூட குடுக்கக்கூடாது, ஆழம் பாக்கறவருக்கும் சேத்துத்தான், மாநில, உள்ளூர் தேர்தலுக்கும் சேத்துத்தான். க்ரீன் கார்டு இருந்தா குடுக்கலாம். காசு வாங்காம வாலன்டியரா வேலை பாக்கறதுக்கு தடை இல்ல. "நம்ம ஊரு வேர் உள்ளவர் நிக்கறாரு, ஆளுக்கு 25 போடுங்க"ன்னு வாட்ஸப் குரூப்ல லிங்க் வந்தா இந்த பக்கத்த அங்க ஒட்டி விடுங்க, சண்டை நிக்கும். அப்புறம் கவர்னர் தேர்தல் எஃப்.இ.சி வேலை கெடையாது, விவேக் ராமசாமியோட 2023 அதிபர் போட்டி கணக்கு இங்க இருக்கும், ஒஹாயோ கவர்னர் கணக்கு ஒஹாயோ பக்கம்தான் தேடணும்.

யாராவது ஆழம் பாக்கறாருன்னு சந்தேகம் வந்தா எப்படி தேடறது: அவர் பேர்ல தேடாதீங்க, காலியாத்தான் இருக்கும். அவரோட லீடர்ஷிப் பேக் (அரசியல்வாதிங்க சொந்த பிரச்சார கமிட்டிக்கு வெளிய வச்சிருக்கற நிதிக் குழு) பேரக் கண்டுபிடிச்சு செலவு லிஸ்ட்ட திறந்து, மாநிலம்ங்கற ஃபில்டர்ல அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், சவுத் கரோலினா, நெவாடா போடுங்க, ஓட்டல் பில், கருத்துக்கணிப்பு கம்பெனி, ஆலோசகர் சம்பளம்லாம் வரும். அவர் அறிவிச்சுட்டா அடுத்த காலாண்டு ரிப்போர்ட்டுக்கு காத்திருங்க, ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, ஜனவரி 31 இதுல ஒண்ணு. அந்த முதல் ரிப்போர்ட்ல பழைய ஆழம் பாத்த வரவு செலவு முழுக்க வந்தாகணும். செலவ தேதி வாரியா பழசுல இருந்து வரிசைப்படுத்துங்க, முதல் வரில என்ன தேதி இருக்கோ அன்னிக்கு டிவில அவர் என்ன சொல்லிட்டு இருந்தாருன்னு யூட்யூப்ல போயி பாருங்க.