காதுக்கு வாங்கியதும் மூக்கு செய்ததும்: ஒரு டைவரின் பல வருட அனுபவம்

கோலாலம்பூரிலிருந்து டைவிங் போகிறவர்களுக்கு மார்ச் முதல் அக்டோபர் வரைதான் கிழக்குக் கரை. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் என்று தீவுகளிலேயே வார இறுதிகள் ஓடும். அப்புறம் பருவமழை. கடலுக்குப் போக முடியாத அந்த மாதங்களில்தான் கை அரிக்கும், எதையாவது ஆர்டர் செய்வோம். நான் வாங்கியதில் காதுக்கானவை மட்டுமே ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டன. எது இன்னும் பையில் இருக்கிறது, எது அடுத்தவர் கைக்குப் போனது என்று எழுதுகிறேன்.

டைவருக்குக் காதில் வரும் தொல்லை இரண்டு வகை. ஈரம் தங்கி வெளிக்காதுக் குழாய் புண்ணாவது ஒன்று. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவியில் அழுத்தம் சமமாகாமல் வலிப்பது மற்றொன்று. கடையில் விற்கும் பெரும்பாலான சாமான்கள் முதல் வகைக்குத்தான் உதவும். நம் ஆட்கள் அவதிப்படுவதோ பெரும்பாலும் இரண்டாவதால்.

வெளிக்காதுக்கு என் ஓட்டு காதுச் சொட்டுக்கே. வெள்ளை வினிகர் பாதி, மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாதி. சில வெள்ளிதான் செலவு, ஒரு சீசனே ஓடும். ஆல்கஹால் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஆவியாகும், வினிகரின் அமிலத்தில் கிருமி வளராது. காதைப் புண்ணாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் கொண்டாட்டம். ஒரு நாளில் மூன்று டைவ், 29 டிகிரி தண்ணீர், நம் ஊர்ப் புழுக்கம், வேறென்ன வேண்டும் அதற்கு? அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்புக் கையேடும் அமிலச் சொட்டைத்தான் சொல்கிறது. அவர்கள் கலவை வேறு, ஆனால் ஒவ்வொரு காதிலும் முழுதாக 5 நிமிடம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். படகில் பலரும் விட்ட உடனே தலையைச் சாய்த்துக் கொட்டிவிடுகிறார்கள். அப்படி விட்டுப் பயனில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, காது ஏற்கெனவே புண்ணாகி இருந்தாலோ இதைத் தொடவே கூடாது.

அம்மாவின் வைத்தியம் வேறு. "ரெண்டு பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி வைக்கிறேன், வந்ததும் காதுல விட்டுக்கப்பா" என்பார். நனைந்த காதில் எண்ணெய் விட்டால் ஈரம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று விளக்கிப் பார்த்தேன். இப்போது அந்த எண்ணெய் தலைக்குப் போகிறது, இருவருக்கும் நிம்மதி. பஞ்சுக் குச்சியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குறும்பி அழுக்கல்ல, காதுத் தோலுக்குத் தண்ணீர் படாமல் காக்கும் பூச்சு. அதைக் குடைந்து எடுத்துவிட்டுக் கடலில் இறங்குவது மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் ஓட்டுவது போலத்தான்.

ஊசித்துளை வைத்த காதடைப்பான் சுமாராகப் பிடிக்கும். துளை வழியே அழுத்தம் சமமாகும், தண்ணீரும் வேகமாக உள்ளே பாயாது. ஆனால் அந்தத் துளையில் குறும்பி அடைத்தால் அது சாதாரண அடைப்பானாகிவிடும். நீச்சல் குளத்துக்கு விற்கும் துளையில்லாத அடைப்பானைப் போட்டுக்கொண்டு டைவ் செய்யவே கூடாது. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவே மாட்டிய காற்று சுருங்கும்போது அடைப்பான் உள்ளே இழுபடும். தலையையும் காதையும் மூடும் ஹூடிலும் இதே கவனம் தேவை: இறங்குமுன் ஓரத்தைத் தூக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும்.

காதை மூடும் கிண்ணங்கள் வைத்த மாஸ்க் தங்கை மகனிடம் போய்விட்டது. காது நனையாது, உண்மைதான். அடிக்கடி புண் வருகிறவர்களுக்கு அது வரம். எனக்குப் பட்டை, குழாய் என்று இடைஞ்சல்தான் அதிகம். மின்சாரக் காது உலர்த்தி? சொட்டு இருக்கும்போது எதற்கு.

சரி, நடுச்செவி. அங்கே காற்று போகும் ஒரே வழி தொண்டைக்கு மேலே, மூக்கின் பின்புறம் திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். மூக்கு கெட்டால் காதும் கெட்டது. ஏர்கான் ஆபீஸ், ஜாலான் துன் ரசாக் சாலைத் தூசு, புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் அதுவும் சேர்ந்து, கோலாலம்பூர் மூக்கு எப்போதும் பாதி அடைப்புதான். அதனால் என் பையில் முதலிடம் உப்புநீர் மூக்குக் கழுவிக்கு. பயணத்துக்குச் சில நாள் முன்பே காலை, இரவு கழுவத் தொடங்குவேன். கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டுமே, குழாய்த் தண்ணீர் வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரையும் ஸ்ப்ரேயும் போட்டுக்கொண்டு இறங்குவது எனக்கு ஒப்பாது. கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் காதில் மாட்டும். சளி என்றால் அன்றைக்கு டைவ் இல்லை, கட்டிய பணம் போனாலும் சரி.

ஈக்குவலைஸ் செய்ய, அதாவது நடுச்செவி அழுத்தத்தைச் சமப்படுத்த, பழக கெந்திங் மலை நல்ல இடம். ஏறும்போது காது தானாகத் திறக்கும். இறங்கும்போதுதான் அடைக்கும், கடலில் இறங்குவது போலவே. ஆனால் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்திலிருந்து அடிவாரம் வரை கூடும் அழுத்தம் கடலில் வெறும் 2 மீட்டருக்குச் சமம்! மலையில் அரை மணி நேரம் எடுப்பதைக் கடலில் சில நொடிகளில் கடக்கிறோம். முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிறது. அதனால்தான் 20 மீட்டருக்குக் கீழே சும்மா இருக்கும் காது, 3 மீட்டரில் கத்துகிறது.

மூக்கைப் பிடித்து ஊதும் வல்சால்வா முறையைத்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறோம். எனக்கு அதைவிட மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கும் டாயின்பீ முறை மென்மையாகப் படுகிறது. டிராபிக்கில் உட்கார்ந்தே பழகலாம். தண்ணீரில் கயிற்றைப் பிடித்து, கால் கீழாக, வலி வரும் முன்பே அரை மீட்டருக்கு ஒரு தடவை. அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி. முரட்டுத்தனமாக ஊதினால் உள்காதின் மெல்லிய சவ்வு கிழியலாம், நிரந்தரமாகக் கேட்காமலே போகலாம். வழிகாட்டி கீழே காத்திருக்கட்டும், பரவாயில்லை.

பெர்ஹெந்தியானிலிருந்து திரும்பும்போது காரக் நெடுஞ்சாலையில் காது மந்தமாகவே இருந்தால் ஊதித் திறக்கப் பார்க்காதீர்கள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டும்வரை அடுத்த டைவும் வேண்டாம். தலைசுற்றலோ, புதிதாக இரைச்சலோ, ஒரு காதில் கேட்பது குறைந்தாலோ அன்றைக்கே போங்கள். உள்ளே நுழைந்ததும் "டைவ் செய்தேன், இத்தனை மீட்டர்" என்று முதலில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சளியால் வந்த காது அடைப்பு என்று எழுதி அனுப்பிவிடக்கூடும்.