அரை இஞ்ச் ஜி.ஐ. வெல்டெட் மெஷ்: ஓட்டு வீட்டுப் பரணுக்கு எப்படி?

அரை இஞ்ச் கண் உள்ள, துத்தநாகம் பூசிய (ஜி.ஐ.) இந்த இரும்புக் கம்பி வலை மரநாய், அணில், பெருச்சாளி மூன்றையும் நிறுத்துகிறது. சுண்டெலி மட்டும் நுழைந்துவிடும், அதற்குக் கால் இஞ்ச் கண் வேண்டும். நைலான் வலை மலிவுதான், ஆனால் அணில் கடித்துவிடும்.

ஸ்டேப்ளர் பின் போதாது, மரநாய் இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். அரையடிக்கு ஒரு ஸ்க்ரூ, அடியில் அகல வாஷர். ஓரத்தை இரண்டு இஞ்ச் மடித்து அடிக்க வேண்டும். வெட்டிய கம்பி கையைக் கிழிக்கும்.

அடிப்பதற்கு முன் அவை வந்துபோகும் வழியில் கோலமாவு தூவுங்கள். வெளியே போன தடம் மட்டும் இருக்கிற இரவில் மூடலாம். உள்ளே குட்டிச் சத்தம் கேட்டால் பொறுங்கள்: அடைத்தால் தாய் ஓட்டைப் பிரித்துவிடும், குட்டி செத்து நாறும். கடற்கரை ஊர்களில் ஜி.ஐ. சீக்கிரம் துருவேறும், ஸ்டெயின்லெஸ் வாங்கிவிடலாம்.