லாரிச் சத்தத்துக்கு நடுவே ஒரு முகமூடி: ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ நாயகர்களோடு 27 வருடம்

எங்கள் வீடு ராயபுரத்தில். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை, அடுத்த தெரு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ என்ற ஆங்கில இசை நாடகத்தில் நடித்தவர்களில் எனக்கு யாரைப் பிடித்தது, அது ஏன் பின்னால் மாறியது என்பதில் பாதி அந்த லாரிகளின் வேலை.

1998இல் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். மாதா கோயில் பாடகர் குழுவில், அதாவது கொயரில், ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொயர் மாஸ்டர் இரண்டு கேசட்டைக் கையில் கொடுத்தார். இரண்டும் ஒரே நாடகம். ஒன்று 1987இல் வந்த லண்டன் பதிவு: மைக்கேல் கிராஃபோர்டும் சாரா பிரைட்மனும். இன்னொன்று கனடாவில் டொரான்டோ குழு பாடியது: கோம் வில்கின்சனும் ரெபெக்கா கெய்னும். “ரெண்டையும் கேட்டுட்டு யாரு பிடிச்சிருக்குன்னு சொல்லும்மா” என்றார்.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. பாரிஸ் ஓபரா அரங்கத்தின் அடியில், ஒரு நிலத்தடி ஏரிக்கு அப்பால் ஒளிந்து வாழ்கிறான் ஒருவன், அவன்தான் ஃபேண்டம். முகத்தின் ஒரு பக்கம் சிதைந்தது, அதை முகமூடியால் மறைத்திருக்கிறான். கிறிஸ்டின் என்ற இளம் பாடகிக்கு மறைவில் இருந்தே பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான். செத்துப்போன அப்பா தனக்காக அனுப்பிய இசைத் தேவதை அவன் என்று அவள் நம்புகிறாள். அவளைக் காதலிக்கும் ரவூல் என்ற பிரபு வீட்டுப் பையன் நடுவில் வருகிறான். காஸ்டன் லெரூ எழுதிய பிரெஞ்சு நாவலுக்கு ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசை போட்டு, ஹரால்ட் பிரின்ஸ் இயக்கி, 1986 அக்டோபர் 9இல் லண்டனில் மேடை ஏறியது.

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் சின்னது, ஒற்றை ஸ்பீக்கர். வெளியே லாரிகள் நகர்ந்து நகர்ந்து பிரேக் போடும், கிளீனர்கள் கதவைத் தட்டி “வா வா வா” என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கிராஃபோர்ட் பாடினார் என்றே எனக்குத் தெரியவில்லை. பாட்டு ஆரம்பிக்கும், அப்புறம் காணாமல் போகும், கொஞ்ச நேரம் கழித்து எங்கோ திரும்ப வரும். வில்கின்சன் அப்படி இல்லை. அயர்லாந்துக்காரர், தொண்டையில் உப்புக்காற்று பட்ட மாதிரி ஒரு கரகரப்பு, அதற்குள் இருந்து மேலே எழும் முழுக்குரல். லாரியை மீறி அடுப்படி வரைக்கும் கேட்டது. அம்மாவே கரண்டியை வைத்துவிட்டு, “யாருடி இது, இப்படி அழறான்?” என்று கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மாஸ்டரிடம் வில்கின்சன் என்றேன். அவர் கிண்டல் பண்ணவில்லை. “சத்தமா பாடி அழ வைக்கறது ஒரு வேலைம்மா. மெதுவா பாடி கடைசி பெஞ்சு வரைக்கும் கொண்டுபோறது வேற வேலை. லாரி எல்லாம் நின்னப்புறம் அந்த இன்னொரு கேசட்டை ஒருவாட்டி கேளு” என்றார். எங்கள் சாலையில் லாரி நின்ற நாள் கிடையாது. அதனால் அது அப்படியே கிடந்தது.

வில்கின்சனைப் பற்றிப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது ஒன்று. இந்த நாடகம் முழு உருவம் எடுப்பதற்கு முன், 1985இல் லாயிட் வெப்பரின் சிட்மன்டன் விழாவில் ஒத்திகை பார்த்தபோது ஃபேண்டமாக முதலில் பாடியவரே அவர்தான். அதே வருடம் ‘லே மிசராப்ள’ என்ற இன்னொரு இசை நாடகத்தில் நாயகன் ஜான் வால்ஜானாகப் போய்விட்டதால் லண்டன் மேடைக்கு வேறு ஆள் வந்தார். 1989இல் டொரான்டோவில்தான் அந்தப் பாத்திரம் அவர் கைக்குத் திரும்ப வந்தது. முதல் ஆளாகத் தொட்டுவிட்டு, நாலு வருடம் கழித்து அதை முறைப்படி வாங்கிய மனிதர். அவர் குரலில் இருக்கும் பசிக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

2003இல் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாவது மாதச் சம்பளத்தில் காதை முழுசாக மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, ஐந்து வருடமாகக் கிடந்த லண்டன் கேசட்டைப் போட்டேன்.

‘மியூசிக் ஆஃப் தி நைட்’ பாட்டு. கிறிஸ்டினைத் தன் இருட்டு வீட்டுக்கு முதல் முறையாக அழைத்து வந்து அவன் பாடுவது. கிராஃபோர்ட் அதைப் பாட்டாகத் தொடங்கவே இல்லை, காதோரம் பேசுகிற மாதிரி தொடங்குகிறார். ஒவ்வொரு சொல்லின் கடைசி மெய்யெழுத்திலும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். நடுவில் ஓர் இடத்தில் குரல் மேலே ஏற வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அங்கே பலத்தைக் காட்டுவார்கள். இவர் அங்கே குரலை இன்னும் மெலிதாக்கி, நூல் மாதிரி இழுத்து, அறுந்துவிடுமோ என்று நாம் மூச்சைப் பிடிக்கும்வரை வைத்திருக்கிறார். அந்த இடத்தை மட்டும் அன்று எத்தனை முறை ரீவைண்ட் செய்தேன் என்று எண்ணவில்லை. கதையில் அவன் செய்வதும் இதுதானே. அவளை மிரட்டிக் கூட்டி வரவில்லை, மயக்கிக் கூட்டி வருகிறான். சத்தம் போட்டால் அந்த மயக்கம் கலைந்துவிடும்.

அதற்கு முன் இங்கிலாந்தில் கிராஃபோர்டைப் பெரும்பாலானவர்களுக்கு டிவி காமெடி நடிகராகத்தான் தெரியும். இயன் ஆடம் என்ற குரல் ஆசிரியரிடம் அவர் பாட்டுப் பயின்றார். பிரைட்மனும் அவரிடமே கற்றவர். அந்தப் பழக்கத்தில்தான் அவர் குரல் லாயிட் வெப்பர் காதில் விழுந்தது. லண்டனில் ஒலிவியே விருது, நியூயார்க்கில் 1988இல் டோனி விருது இரண்டும் வாங்கினார். லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மூன்று ஊரிலும் சேர்த்து 1,300 காட்சிகளுக்கு மேல் நடித்தார். அத்தனை காட்சியிலும் அந்த நூலை அறுக்காமல் பிடித்திருக்கிறார் என்பதை ஒரு கொயர்காரியாக என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு ஒரே ஒரு மெல்லிய வரியை இறங்காமல் பாட எங்களுக்கு ஒரு மாதம் பயிற்சி வேண்டும்.

2004 திரைப்படத்தைச் சட்டென்று சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஃபேண்டமாக வந்த ஜெரார்ட் பட்லர் பார்க்க நன்றாக இருந்தார், ஆனால் அது பாட்டு சொல்லிக்கொடுக்கிறவனின் குரல் இல்லை. கிறிஸ்டினாக எமி ரோஸம் பாடியபோது பதினாறு பதினேழு வயதுதான், அந்த இளமை பாத்திரத்துக்குப் பொருந்தியது. அந்தப் படத்தில் கிறிஸ்டினின் அப்பா வெறும் ஓவியமாக மட்டும் வருவார். அந்த முகம் ரமீன் கரீம்லூவுடையது. இரானில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். டொரான்டோவில் வில்கின்சன் ஃபேண்டமாக நடித்ததைச் சின்ன வயதில் பார்த்துத்தான் இவருக்கு மேடை ஆசையே வந்தது. லண்டனில் முதலில் ரவூலாக நடித்து, பிறகு ஃபேண்டம் ஆனார்.

அவரை நான் ஒழுங்காகப் பார்த்தது 2020 ஏப்ரலில். கொரோனாவால் ராயபுரம் மண்டலம் என்றாலே ஊர் பயந்த நாட்கள் அவை. தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள். ஆபீஸ் இல்லை, கோயில் இல்லை, கொயர் இல்லை. அப்போது 2011இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த 25ஆம் ஆண்டு விழா நிகழ்ச்சியை யூடியூபில் இரண்டு நாள் இலவசமாகப் போட்டார்கள். செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து நானும் அம்மாவும் பார்த்தோம். அந்த இரண்டு நாளில் மூன்று தடவை.

கரீம்லூவிடம் நான் பார்த்தது கைகள். முகமூடி வலது பக்க முகத்தைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பது அரை வாய், ஒரு கன்னம், இரண்டு கை. அவளுடைய தோளுக்கு ஓர் அங்குலம் மேலே அவருடைய விரல்கள் வந்து நிற்கும், தொடாது. தொட உரிமை உண்டா என்று விரலே யோசிக்கிற மாதிரி ஒரு நடுக்கம். கடைசிக் காட்சியில் எல்லாம் முடிந்து, ரவூலோடு போய்விட்ட கிறிஸ்டின் மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க மட்டும் வருவாள். அவள் தன்னிடமே வந்துவிட்டாள் என்று ஒரு நொடி அந்த முகம் நம்பும். அந்த ஒரு நொடிக்காக அவரை நான் என்றைக்கும் விடமாட்டேன். குரல் என்று வந்தால், கிராஃபோர்டைவிட பலம் அதிகம், பொறுமை குறைவு. உணர்ச்சி மிஞ்சும் இடங்களில் சுருதியைவிட அழுகையைத் தேர்ந்தெடுப்பார். எனக்கு அது குறையாகப் படவில்லை, ஆனால் மாஸ்டருக்குப் படும்.

அந்த நிகழ்ச்சியின் முடிவில் மற்ற ஃபேண்டம்கள் வரிசையாக வந்து பாடினார்கள்: வில்கின்சன், ஆண்டனி வார்லோ, ஜான் ஓவன்-ஜோன்ஸ், பீட்டர் யோபாக். நடுவில் பிரைட்மன். கிராஃபோர்டும் மேடைக்கு வந்தார், பாடவில்லை. வில்கின்சன் பாடத் தொடங்கியதும் அம்மா, “இவன்தானே அந்த அழுத பையன், கிழவன் ஆயிட்டானே” என்றார்கள். இருபது வருடம் கழித்து, முகத்தை அதற்கு முன் ஒருமுறைகூடப் பார்க்காமல், குரலை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

இனி கிறிஸ்டின். இந்தப் பாத்திரத்துக்குத் தகுந்த மரியாதை கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். போஸ்டர் முழுக்க முகமூடி. ஆனால் மேடையில் அதிக நேரம் நிற்பதும் அதிகம் பாடுவதும் அவள்தான். வாரத்துக்கு எட்டுக் காட்சியையும் ஒரே பெண் பாடினால் தொண்டை தாங்காது என்று, வாரம் இரண்டு காட்சிக்கு மாற்றுப் பாடகி வைப்பது வழக்கம். ஃபேண்டமுக்கு அப்படி ஒரு ஏற்பாடு தேவைப்படுவதில்லை.

பிரைட்மனுக்காகவே எழுதப்பட்ட பாத்திரம் அது. கண்ணாடிக் குரல், குழந்தைத்தனம் கலந்தது. பல வருடம் எனக்கு அதுவே போதுமாக இருந்தது. 2009இல் அப்பா போனார். அந்த நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று காசிமேடு கல்லறைக்குப் போனோம். சுண்ணாம்பு அடித்த சிலுவைகள், சாமந்தி மாலை, காற்றில் நிற்காத மெழுகுவர்த்தியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருக்கும் பெண்கள். கிறிஸ்டின் அப்பாவின் கல்லறைக்குப் போய்ப் பாடும் பாட்டு மண்டைக்குள் ஓடியது, ஆனால் பிரைட்மனின் குரலில் அது எனக்கு ஒட்டவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான். என் துக்கம் அழகாக இல்லை.

சியரா பொகெஸ் பாடியதைக் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. கரீம்லூவோடு ஆல்பர்ட் ஹாலில் நடித்தவர் அவர். பாட்டின் பாதிவரை அப்பாவை ஏங்கிக் கூப்பிடுகிறார். பாதிக்கு மேல் அவர் குரலில் கோபம் ஏறுகிறது. ஏன் என்னை விட்டுப் போனாய் என்ற கோபம் இல்லை, இன்னும் ஏன் என்னைப் பிடித்துவைத்திருக்கிறாய் என்ற கோபம். கடைசி உச்ச வரியை அவர் மன்றாடாமல் முடிவெடுத்தவள் மாதிரி பாடுகிறார். செல்போனைப் பார்த்தபடி அம்மாவும் நானும் ஒன்றும் பேசவில்லை. அம்மா எழுந்துபோய் அப்பா போட்டோவுக்கு மேல் இருந்த பல்பின் தூசியைத் துடைத்தார்கள். என் வரிசையில் கிறிஸ்டின் என்றால் பொகெஸ் முதலில், அவருக்கும் அடுத்தவருக்கும் நல்ல இடைவெளி உண்டு.

மற்றவர்களைப் பற்றிக் கொஞ்சம். ஜான் ஓவன்-ஜோன்ஸ் ஃபேண்டமாக 2,000 காட்சிக்கு மேல் நடித்தவர். குரலில் ஒரு குறை சொல்ல முடியாது, ஏனோ எனக்குள் அவர் இறங்கவில்லை. நார்ம் லூயிஸ் 2014இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் முதல் கறுப்பின ஃபேண்டம், ஆழமான, சூடான குரல், முழுசாகக் கேட்கக் கிடைக்காதது என் துரதிர்ஷ்டம். ரவூல்களில் ஹாட்லி ஃப்ரேசர் ஒருவரைத்தான் எனக்கு நினைவிருக்கிறது, அவன் மேலும் நியாயம் இருக்கிறது என்று தோன்றவைத்தவர். 2023 ஏப்ரல் 16இல் பிராட்வேயில் 13,981ஆவது காட்சியோடு திரை இறங்கியபோது, பார்க்காமலேயே முடிந்துவிடுமோ என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பார்த்தேன். 2025 மார்ச்சில் மும்பைக்கு வந்தது. அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஒரு ராத்திரியும் பகலும் ரயிலில் போனேன். நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையத்தில், எங்களால் முடிந்த டிக்கெட், மேலே பால்கனி. தென்னாப்பிரிக்காவின் ஜொனாதன் ராக்ஸ்மவுத் ஃபேண்டம், கிரேஸ் ராபர்ட்ஸ் கிறிஸ்டின். ஆர்கன் ஒலி எழுந்து அந்தப் பெரிய சரவிளக்கு மேலே ஏறியபோது அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தது இடைவேளைவரை விடவில்லை. ராக்ஸ்மவுத் குரலில் கனம் உண்டு, கோபம் சட்டென்று வரும், அது பயமாகவே இருந்தது. ஆனால் ‘மியூசிக் ஆஃப் தி நைட்’ முடியும் இடத்தில், அந்த நீண்ட கடைசி சுரத்தை, மூச்சின் அளவுக்கு இறக்கிக்கொண்டே போனார். மைக் இருக்கிறதுதான். மைக் சத்தத்தைக் கொண்டுவரும், மென்மையை அவர்தான் கொண்டுவர வேண்டும். அரங்கத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

திரும்பி வந்த வாரம் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். நான் முழுக்கதையும் சொல்ல, அவர் ஒன்றுதான் கேட்டார்: “கடைசி பெஞ்சு வரைக்கும் வந்துச்சா?” வந்தது மாஸ்டர் என்றேன். நான் உட்கார்ந்திருந்ததே அங்கேதான்.

இப்போது என் வரிசை: கிராஃபோர்ட், கரீம்லூ, வில்கின்சன், ராக்ஸ்மவுத். நேரில் பார்த்தவரை நாலாவதாக வைப்பது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஒரு காட்சியை 27 வருடத்தோடு எப்படி ஒப்பிட? பக்கத்து வீட்டுப் பெண் இந்த வருடம் பிளஸ் ஒன், கொயரில் சேர்ந்திருக்கிறாள், எங்கிருந்து தொடங்கட்டும் என்று கேட்டாள். டொரான்டோ பதிவை முதலில் அனுப்பினேன். அவளிடம் இன்னும் நல்ல ஹெட்போன் இல்லை, லாரிகளும் அதே இடத்தில்தான் நிற்கின்றன.