அம்மாவின் மூக்கோரத்து மருவுக்கு மலைக்கு அப்பால் கிடைத்த சிகிச்சை

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கேரளத்துத் தோல் மருத்துவமனை ஒன்றுக்கு அம்மாவை நான்கு முறை அழைத்துச் சென்று வந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாற்பது ஆண்டுகள் வெயிலில் நாற்று நட்டவர் அம்மா. மூக்கோரத்தில் மிளகளவு கறுத்த மரு ஒன்று இருந்தது. முகம் துடைத்தால் துண்டில் ரத்தப் பொட்டு படும், பொருக்குத் தட்டும், மறுபடியும் கசியும். உள்ளூர் மருத்துவர் ஒருவர் சதையைச் சோதனைக்கு அனுப்பாமலே அதைச் சுட்டுத் தீய்த்தார். எட்டே மாதத்தில் அதே இடத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்தது. அந்த அவசரத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேரளத்து மருத்துவர் முதலில் உருப்பெருக்கிக் கருவியை மருவின் மேல் வைத்து, கிளை விரித்த மரம்போல் ஓடிய ரத்த நாளங்களையும் நீலச் சாம்பல் நிறத் திட்டுகளையும் திரையில் எங்களுக்கே காட்டினார். பிறகு சதைச் சோதனை செய்து, பேசல் செல் கார்சினோமா என்று உறுதிப்படுத்தினார். உலகில் மிகப் பரவலான தோல் புற்றுநோய் இது. நம் நிறத்தவர்களிடம் குறைவு என்றாலும், வரும்போது பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் மச்சம் என்று ஏமாந்துவிடுகிறோம். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் கவனிக்காமல் விட்டால் மூக்கின் குருத்தெலும்பையே அரித்துவிடும்.

கத்தி வேண்டாம், களிம்போ மாத்திரையோ போதாதா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவர் பொறுமையாகச் சொன்ன பதிலுக்காகவே இந்த மருத்துவமனையைப் பரிந்துரைக்கிறேன். இமிகுவிமோட் களிம்பை, தோலின் மேல்மட்டத்தில் மட்டும் படரும் வகைக்கு நெதர்லாந்தில் சோதித்தபோது, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 80 பேருக்கு நோய் திரும்பவில்லை. மருந்து தடவி ஒளி பாய்ச்சும் சிகிச்சையில் அது ஏறக்குறைய 63 பேர்தான். இந்நோயில் பழுதாகும் மரபணு 1996இல் கண்டறியப்பட்டதன் பயனாக, அந்தப் பழுதால் செல்களைப் பெருகத் தூண்டும் சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் மாத்திரைக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; ஆனால் தசைப்பிடிப்பு, முடி உதிர்தல், நாக்கில் ருசியே தெரியாமல் போதல் என்று அதன் தொல்லைகள் பல. அதுவும் பலிக்காதவர்களுக்காக 2021இல் உடலின் எதிர்ப்பாற்றலையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் செமிப்ளிமாப் என்னும் மருந்து வந்தது. பின்சொன்ன இவ்விரண்டு மருந்துகளும் அறுவையோ கதிர்வீச்சோ பொருந்தாத முற்றிய நிலைக்கானவை; முடிச்சாகத் திரண்டு, ஒருமுறை திரும்பியும் வந்துவிட்ட அம்மாவின் கட்டிக்கு மோஸ் அறுவையே சரி என்றார்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் மோஸ் 1930களில் வகுத்த முறை அது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஒரு மெல்லிய அடுக்கை வெட்டி, அதன் ஓரம் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்த்து, நோய் மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி வெட்டுகிறார்கள். அம்மா மூக்கில் கட்டோடு வராந்தாவில் இட்லி சாப்பிட்டபடி காத்திருந்தார். மூன்றாவது அடுக்கில் ஓரம் சுத்தமாயிற்று. செலவை முன்னதாகவே தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதற்கு மேல் வாங்கவில்லை.

குறை ஒன்று உண்டு. ஒப்புதல் படிவம் மலையாளத்தில் மட்டுமே இருந்தது. செவிலியர் ஒருவர் வரிவரியாகத் தமிழில் சொன்ன பிறகே அம்மா கைநாட்டு வைத்தார். மலைக்கு இப்பாலிருந்து இத்தனை பேர் வரும் இடத்தில் தமிழ்ப் படிவமும் கட்டாயம் வேண்டும். போகிறவர்கள் பழைய சோதனைத் தாள்களோடு, சதை வைத்த கண்ணாடிச் சில்லு இருந்தால் அதையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.