இன்ஜின் வேலை என்று வாங்கியது 46,500 ரூபாய், தேய்ந்திருந்ததோ கிளட்ச் பிளேட்

46,500 ரூபாய். நேற்றுச் சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. அதனால் இந்தப் பதிவில் சூடு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். இடம் சேலத்தில் பைபாஸ் ஓரம், எல்லாக் கம்பெனிக் காரையும் பார்க்கிற ஒர்க்‌ஷாப். பெயர் போடப்போவதில்லை. இந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது.

வண்டி 998 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். மேனுவல் கியர். 81,000 கிலோமீட்டர் ஓடியது. கம்ப்ளெய்ன்ட் ஒன்றுதான்: ஏற்காடு ஏறும்போது இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுகிறது, ஆர்பிஎம் முள்ளும் ஏறுகிறது, வேகம் மட்டும் கூடவில்லை. நாலு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் கருகல் வாடை. வண்டியைக் கொண்டுபோய் விட்ட அப்பா இதை அப்படியேதான் சொல்லியிருக்கிறார். தொழில் தெரிந்தவனுக்கு இது போதும், பானெட்டைத் திறக்கவே வேண்டியதில்லை.

இன்ஜின் பெட்ரோலை எரித்துச் சுற்று உண்டாக்குகிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. அந்தச் சுற்றைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது கிளட்ச் (இன்ஜினோடு உராய்வால் ஒட்டிப் பிடித்துச் சுற்றும் பிளேட்), கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்சில் என்று பின்னால் வரும் வரிசை. அதுதான் டிரான்ஸ்மிஷன். முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருந்துகொண்டு, இன்ஜினின் பக்கவாட்டில் போல்ட் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்கு ஒரே இரும்புக் குவியல். ஏமாற்றுகிறவனுக்கு இந்தத் தோற்றமே முதலீடு.

கியர் விழுந்து, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜினும் சக்கரமும் பல்லோடு பல் பூட்டியது மாதிரிதான். முதல் கியரில் இன்ஜின் சுமார் 14 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று. நாலாம் கியரில் சுமார் 4-க்கு 1. கிளட்ச் சரியாகப் பிடிக்கிறவரை இந்தக் கணக்கு தவறவே முடியாது. நாலாம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் முள் 2000-த்தில் நிற்கிறது என்றால், முள் 4000 தொடும்போது வண்டி 100-ஐத் தொட்டாக வேண்டும். முள் மட்டும் தாவி வேகம் அங்கேயே நின்றால் நடுவில் ஏதோ வழுக்குகிறது. மேனுவல் வண்டியில் வழுக்கக்கூடியது கிளட்ச் ஒன்றுதான். (சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் மாதிரி ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இன்ஜினுக்குச் சக்தி போயிருந்தால் முள்ளே ஏறாது, மிதித்தாலும் முக்கிக்கொண்டு நிற்கும். இந்த வண்டியில் முள் ஏறியது!

அப்படியிருந்தும் அப்பா எங்கே மடங்கினார்? பைபாஸ் கடைக்காரன் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து, "பாருங்கய்யா, தார் மாதிரி இருக்கு, இன்ஜின் போயிடுச்சு" என்று துணியை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறான். அடுத்து வண்டி ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, உள்ளிருந்து வந்த லேசான புகையைக் காட்டியிருக்கிறான். கையில் கறுப்பு, கண்ணில் புகை. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் ஆயில் கறுப்பது கரியையும் அழுக்கையும் அது தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வதால். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய எந்த ஆயிலும் கறுத்துத்தான் இருக்கும். மூடியைத் திறந்தால் கொஞ்சம் மூச்சு விடுவதும் சகஜம். ரிங் (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அடைக்கும் வளையம்) நிஜமாகவே போயிருந்தால் சைலன்சரில் நீலப்புகை வரும், ஆயில் மட்டம் மாதாமாதம் இறங்கும். இரண்டும் இந்த வண்டியில் கிடையாது.

கியர்பாக்ஸைப் பற்றி அப்பா கேட்டதற்கு, "எல்லாம் ஒரே செட்டுதானேய்யா, சேர்த்தே முடிச்சிடலாம்" என்றானாம். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

11 நாள் கழித்து 46,500 ரூபாய். துண்டுச் சீட்டில் ஒரே வரி, 'இன்ஜின், டிரான்ஸ்மிஷன் ஓவர்ஹால்'. எந்த பார்ட், எத்தனை, கூலி எவ்வளவு, ஒன்றுமில்லை. வெளியே வந்த முதல் மேம்பாலத்திலேயே அதே வழுக்கல், அதே வாடை.

அப்புறம் அலைக்கழிப்பு. முதல் வாரம், "புது ரிங் செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க". ரிங் பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆவது வாஸ்தவம், ஆனால் அதற்காகக் கிளட்ச் வழுக்காது. அடுத்த வாரம், "பங்க்கை மாத்திப் பாருங்க". மூன்றாவது வாரம் நானே நேரில் போனேன். "நீங்க இன்ஜின் கம்ப்ளெய்ன்ட்டுன்னுதானே சார் விட்டீங்க? கியர்பாக்ஸ் தனி வேலை, தனி பில்." காசு வாங்கும்போது ஒரே செட், கேள்வி கேட்டால் தனித்தனி! அதன் பிறகு போனே எடுப்பதில்லை. ஓனர் வெளியூராம்.

நேற்று வேறொரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் பார்த்தோம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிரேக்கையும் மிதித்தபடி நாலாம் கியரில் கிளட்சை மெதுவாக விடச் சொன்னார் அந்த மெக்கானிக். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். இது அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. (ஒரே ஒரு தடவைதான் செய்ய வேண்டும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற பிளேட்டும் கருகும்.) கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பிளேட் ரிவிட் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் சூட்டினால் நீலம் பாய்ந்திருக்கிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் (கிளட்சை மிதித்தால் பிடியைத் தளர்த்தும் பேரிங்), கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய்.

வயிறு எரிவது அதற்கடுத்த விஷயத்துக்கு. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். வருஷக்கணக்கில் படிந்து இறுகிய பிசுக்கு அப்படியே இருக்கிறது, திறந்து மூடினால் பூசியிருக்க வேண்டிய புது சீலன்ட் துளி இல்லை. எக்ஸாஸ்ட் நட்டுகளில் துரு கலையவே இல்லை, ஸ்பேனர் பட்ட தடம் கிடையாது. அதாவது இன்ஜினைத் திறக்கவே இல்லை. மாற்றியது ஆயிலும் பிளக்கும்தான். 'பழைய பார்ட்ஸ்' என்று அவர்கள் கொடுத்த சாக்கு டிக்கியிலேயே கிடந்தது, கொட்டினோம். நாலு பிஸ்டன். மூன்று சிலிண்டர் வண்டிக்கு நாலு பிஸ்டன்!

பத்து எச்சரிக்கை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இப்போது மனசில் ஓடுவது இவ்வளவுதான்.

இன்ஜின் இறக்கணும் என்று யார் சொன்னாலும் முதலில் கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கருவி) போடச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலை. பெட்ரோல் வண்டியில் 150-க்கு மேல் பிஎஸ்ஐ காட்டி, சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் ரிங் வேலை தேவையில்லை. ஒன்று குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு).

சத்தம்தான் கம்ப்ளெய்ன்ட் என்றால் நியூட்ரலில் நிறுத்திக் கேளுங்கள். கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸ் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் இன்ஜினைத் தொட வேண்டியதில்லை.

பார்ட் வாரியாக, ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். எங்களிடம் இருப்பது துண்டுச் சீட்டு. அதை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. இரண்டு வருஷம் எதற்கு, இந்த வாரமே போடுகிறேன். 46,500 ரூபாய்!