பெஸ்தாரி ஜெயா பசும்பால் கடை: பாலும் தயிரும் எப்படி இருக்கு

மலேசியாவுல கோலசிலாங்கூர் பக்கம் போறவங்க பெஸ்தாரி ஜெயாவுல கொஞ்ச நேரம் நிப்பாட்டி இந்தக் கடைக்குப் போயிட்டு வாங்க. கடைத்தெரு தாண்டி செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் ஆரம்பிக்கிற எடத்துல இருக்கு, போர்டுலாம் கிடையாது, வாசல்ல பால் கேன் கவுத்து வச்சிருப்பாங்க அதுதான் அடையாளம். கடைக்குப் பின்னாலயே கொட்டகை, மாடு நிக்கிறத நீங்களே பாக்கலாம்.

முதல்ல பால். ஒரு லிட்டர் போத்தல் 10 வெள்ளி (ரிங்கிட்). காய்ச்சுனா மேல ஆடை தடிப்பா கட்டும், ஒரு சொட்டு தண்ணி கலக்கலன்னு அதுலயே தெரிஞ்சிரும், டீ போட்டா டின் பால் தேவையே இல்ல. பச்சப்பாலுங்கிறதால நல்லா பொங்க விட்டுக் காய்ச்சாம யாரும் குடிச்சிறாதீங்க, புள்ளைங்களுக்கு பச்சையா குடுக்கவே குடுக்காதீங்க, கடைக்கார அக்காவே ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித்தான் போத்தல குடுக்குறாங்க. சாயங்காலக் கறவைதான் எனக்குப் புடிச்சது, காலைப் பால விட கெட்டியா இருக்கும், ஆனா சீக்கிரம் தீந்துரும், இங்க இருக்குற யூனிசெல் பல்கலைக்கழக மாணவருங்க வந்து அள்ளிட்டுப் போயிர்றாங்க.

தயிர் பத்தி தனியா சொல்லியே ஆகணும். மண்சட்டியில ஒறைய வச்சது, வெட்டி எடுக்குற பதம், புளிப்பு ரொம்ப அளவு. நம்ம ஊரு வெக்கைக்கு தயிர் சட்டுனு புளிச்சுப் போகும், இவங்க எப்ப எடுத்து ஐஸ் பெட்டியில வைக்கணும்னு கரெக்டா தெரிஞ்சு வச்சிருக்காங்க. நெய்யில முருங்கக்கீர போட்டு எறக்குறாங்க, வாசனையே போதும். பால்கோவா மட்டும் எனக்கு ஒத்து வரல, சீனி அதிகம்.

இந்தக் கடைய நான் இவ்ளோ தூக்கிப் பேசறதுக்கு ருசி மட்டும் காரணம் இல்ல. இந்த ஊரு உருவான கதையில மாட்டுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு, அத யாரும் பேசறதே இல்ல. பத்தாங் பெர்ஜுந்தைன்னு பேரு இருந்த காலத்துல, 1917ல ஹென்றி ஃபோக்கோனியேங்கிற பிரெஞ்சுக்காரரு இங்க ‘தென்னமரம்’னு பேருள்ள தோட்டத்துலதான் மலாயாவுலயே முதல் முதலா வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டாரு, அது எல்லா எடத்துலயும் எழுதியிருக்கு. ஈயம் தோண்டி எடுக்குற ஈயக்கப்பல் ஓடுன கதையும் சொல்லுவாங்க. ஆனா அந்தத் தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீட்டுல) இருந்த நம்ம சனங்க எத வச்சு தலை நிமிந்தாங்க? ஒப்பந்தக் கூலி முறை 1910ல முடிஞ்சிச்சு, கங்காணி ஆள் கொண்டு வர்றது 1938ல நின்னுச்சு, ஆனா அதுக்கப்புறமும் வீடு கம்பெனியோடது, நெலம் கம்பெனியோடது, வேலை போனா வீடும் போச்சு. மாடு ஒண்ணுதான் சொந்தம், வெளிய போகச் சொன்னா கூடவே நடந்து வர்ற சொத்து அது.

அதுக்கு தோட்டத்து நேரமும் ஒத்து வந்துச்சு. பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுக்குறவங்க விடியறதுக்கு முன்னாலயே பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்புட்டு ஆள் எண்ணுற எடத்துக்கு, போயிருவாங்க, வெயில் ஏறுனா மரத்துல பால் வடியறது கொறஞ்சிரும், அதனால மதியத்தோட வேலை முடிஞ்சிரும், அப்புறம் புல்லறுத்து மாடு பாக்கலாம். தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி வீட்டுக்கும் கோப்பிக் கடைக்கும் பால் ஊத்துன காசு பெரும்பாலும் பொம்பளைங்க கையிலதான் இருந்துச்சு, புள்ளைங்க பள்ளிக்கூட செலவு, பொண்ணு கல்யாணத்துக்கு நகைன்னு அதுலதான் ஓடுச்சு. எங்க அப்பாயி காலத்துக் கணக்கு அது, சம்பளத்த தொட்டு சாப்பாடு, மாட்டத் தொட்டு மத்ததெல்லாம்.

பால்மரம் போயி தோட்டமெல்லாம் செம்பனை ஆனதும் நெலம மாறுச்சு. கன்னு மரத்த மாடு மேஞ்சிரும்னு தோட்டத்துல விட மாட்டாங்க, மரம் பெருசாயிட்டா கீழ நெழல் அடைச்சு புல்லு கொறஞ்சிரும், இதுல களைக்கொல்லி வேற. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறுனவங்களுக்கு கொட்டகை போட எடமே இல்ல, வித்துட்டாங்க.

இந்தக் குடும்பம் விக்கல, அதுதான் எனக்குப் பெருமையா இருக்கு. சாஹிவால் ஃப்ரீசியன் கலப்பு மாடுங்க வச்சிருக்காங்க, ஃப்ரீசியன் நெறைய கறக்கும் ஆனா சூடு தாங்காது, சாஹிவால் சூட்டையும் உண்ணியையும் தாங்கும், ரெண்டும் சேந்தா இந்த ஊருக்கு சரியா இருக்கும். நேப்பியர் புல்லு அவங்களே போட்டு வெட்டுறாங்க, கூட செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. மேய்ச்சல கொறச்ச அதே செம்பனைதான் இப்ப தீனியும் போடுது, கடைக்கார அண்ணன் அத வெளக்கி சொல்லும்போது கேக்கவே நல்லா இருக்கு, மாடு வளக்க ஆசை இருக்குற இளவட்டம் யாராச்சும் போய் உக்காந்து கேளுங்க, மறைக்காம சொல்லித் தர்றாரு.

கொறைன்னு பாத்தா மழை பேஞ்சா வாசல் சேறு, காரு நிறுத்த எடம் பத்தாது. கார்டுலாம் கிடையாது, காசாத்தான் குடுக்கணும். போத்தல் திருப்பிக் குடுத்தா 1 வெள்ளி கழிச்சுக்குவாங்க.

காலைல 7 மணிக்குத் தொறப்பாங்க, சாயங்காலப் பாலுக்கு 5 மணிக்கே போயிருங்க. பொங்கலுக்கும் தைப்பூசப் பால்குடத்துக்கும் வேணும்னா ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வைக்கணும், அந்த நேரத்துல பழைய வாடிக்கைக்குத்தான் முதல்ல குடுப்பாங்க.